உறுப்பினர்கள் பதியும் எழுத்துக்கும் படங்களுக்கும் பதிப்புரிமை விதி எழுதுவது எப்படி?

வலைத்தச்சன் கேட்டது:

வணக்கம். சிறுகதை, கட்டுரை, சொந்தமாக எடுத்த படம், சமையல் குறிப்பு, நூல் விமர்சனம் என்று உறுப்பினர்கள் பதியும் இணையக் குழுமம் ஒன்றுக்கு விதிமுறைப் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது. உறுப்பினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இப்போது இருப்பது மூன்றே வரி:

"இங்கே பதியப்படும் அனைத்தும் தளத்துக்கே சொந்தம். பிறருடைய படைப்புகளைப் பதியக் கூடாது. மீறிப் பதிந்தால் அதற்குத் தளம் பொறுப்பல்ல."

இதில் எது செல்லும், எது செல்லாது? ஒருவர் விலகும்போது "என் பதிவு எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்றால் நீக்கியாக வேண்டுமா? "இது என்னுடைய படம், திருடிப் போட்டிருக்கிறார்கள்" என்று வெளியாள் ஒருவர் புகார் அனுப்பினால் என்ன வரிசையில் செயல்பட வேண்டும்? விமர்சனத்தில் எத்தனை வரி மேற்கோள் காட்டலாம்? "நன்றி: இணையம்" என்று போட்டு வரும் படங்களை என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடும்_எழுத்தும் எழுதியது:

முதல் வரியை உடனே எடுத்துவிடுங்கள். மூன்றில் அதுதான் அதிகம் கெடுதல் செய்வது.

எழுத்தோ படமோ, உருவம் பெற்ற கணமே அதன் பதிப்புரிமை ஆக்கியவருக்கு வந்துவிடும். பதிவு செய்யவோ வட்டத்துக்குள் 'சி' குறி போடவோ தேவையில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் அனைத்திலும் இதுதான் நிலை. 1989-இல் அமெரிக்காவும் சேர்ந்துவிட்டது. அந்த உரிமையை முழுதாக இன்னொருவருக்கு மாற்றித் தருவதென்றால் இந்தியச் சட்டத்திலும் (1957, பிரிவு 19) அமெரிக்கச் சட்டத்திலும் (பிரிவு 204) எழுத்தும் கையொப்பமும் வேண்டும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவது கையொப்பத்துக்கு ஈடாகுமா என்பதே வாதத்துக்கு உரியது. யாரும் எதையும் அழுத்தாமல், ஒரு பக்கத்தின் அடியில் எழுதிவைத்த வரியைக் கொண்டு கதையின் உரிமையைப் பறித்துவிட முடியாது.

நடைமுறையிலும் அந்த வரி உங்களுக்கே எதிராக நிற்கும். "எல்லாம் எங்களுக்குச் சொந்தம்" என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, வழக்கு வரும்போது "நாங்கள் இடம் மட்டுமே கொடுக்கிறோம், உள்ளடக்கம் உறுப்பினருடையது" என்று சொல்வது எடுபடுவது கடினம். இன்னொன்றும் இருக்கிறது. கதையைப் பின்னாளில் புத்தகமாகக் கொண்டுவர நினைக்கும் எழுத்தாளர் அந்த வரியைப் படித்தால் இங்கே எழுதவே மாட்டார். பதிப்பகம் அவரிடம் வேறு யாருக்கும் தராத முழு உரிமையைக் கேட்கும். தன்னிடம் இல்லாத உரிமையை அவர் எப்படித் தருவார்?

தளத்துக்குத் தேவைப்படுவது உரிமம், அதாவது பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே. இப்படி எழுதலாம்:

"நீங்கள் பதிவதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். அதைச் சேமிக்கவும், நகலெடுக்கவும், எல்லா நாட்டு வாசகர்களுக்கும் காட்டவும், திரை அளவுக்கும் கோப்பு வடிவத்துக்கும் ஏற்ப மாற்றவும், தேடலில் சேர்க்கவும் தளத்துக்கு அனுமதி தருகிறீர்கள். இது தனியுரிமம் அல்ல. இதே படைப்பை வேறு எங்கும் வெளியிட உங்களுக்குத் தடையில்லை. இதற்குக் கட்டணம் இல்லை. உலகம் முழுதும் பொருந்தும். பதிவு தளத்தில் இருக்கும்வரையிலும், நீக்கிய பின் பேக்கப் பிரதிகள் அழியும்வரை அதிகபட்சம் 90 நாள்களும் செல்லும். தளத்தை இயக்க உதவும் சேவைகளுக்கு அந்த வேலைக்காக மட்டும் இந்த அனுமதியைத் தளம் பகிரலாம்."

ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. "நகலெடுக்க" என்பது இல்லாவிட்டால் பேக்கப் எடுப்பதற்கே அனுமதி இல்லை. "மாற்ற" என்பது இல்லாவிட்டால் படத்தைச் சிறிதாக்கிக் காட்டுவது கேள்விக்குள்ளாகும். ஆனால் "திரை அளவுக்கும் கோப்பு வடிவத்துக்கும்" என்ற எல்லையை விட்டுவிட்டு "மாற்ற" என்று மட்டும் எழுதினால், கதையைத் திருத்தி எழுதும் உரிமையையும் கேட்டதாகிவிடும். கடைசி வாக்கியம் சர்வர் நிறுவனம், படங்களை விரைவாகக் கொண்டு சேர்க்கும் சிடிஎன் போன்றவற்றுக்காக. "அந்த வேலைக்காக மட்டும்" என்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் உறுப்பினரின் படத்தை விளம்பர நிறுவனத்துக்கு விற்கவும் வழி திறந்துவிடும்.

காலத்தையும் நிலப்பரப்பையும் வெளிப்படையாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியச் சட்டத்தில் காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான், நிலப்பரப்பு குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டுந்தான் என்று கொள்ளப்படும். பிரிவு 30-ஏ இதே விதியை உரிமத்துக்கும் பொருத்துகிறது. "உலகம் முழுதும்" என்பது அலங்காரம் அல்ல.

தளத்துக்குத் தரும் உரிமம் வாசகர்களுக்குத் தரும் உரிமம் ஆகாது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது டேனியல் மொரேல் என்ற புகைப்படக்காரர் ட்விட்டர் வழியாக வெளியிட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனம் எடுத்து விநியோகித்தது. ட்விட்டரின் விதிமுறைகளே அந்த அனுமதியைத் தருகின்றன என்று அது வாதிட்டது. நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013-இல் ஜூரி சுமார் 12 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. எல்லாரும் பார்க்கும்படி வைத்திருப்பதால் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகாது.

செம்பருத்தி எழுதியது:

உரிம வரிகளை ஏற்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். "பதிவு தளத்தில் இருக்கும்வரை" என்பதை எல்லா வகைப் பதிவுக்கும் ஒன்றுபோல வைத்தால் திரிகள் (ஒரு தலைப்பின் கீழ் தொடரும் உரையாடல்கள்) சிதைந்துபோகும். ஒருவர் விலகும்போது நூற்றுக்கணக்கான பதில்கள் மறைந்தால், மற்றவர்கள் அவருக்குச் சொன்ன மறுமொழிகள் யாருக்குச் சொன்னவை என்றே புரியாது.

பிரித்து வையுங்கள். கதை, கட்டுரை, படம் போல தனியாக நிற்கும் படைப்பை உறுப்பினர் எப்போது கேட்டாலும் நீக்க வேண்டும். உரையாடலில் எழுதிய பதில்களுக்கு நிரந்தர உரிமம் கேட்டுக்கொள்ளுங்கள். விலகும்போது பெயரை 'முன்னாள் உறுப்பினர்' என்று மாற்றித் தரலாம். பெயர் நீக்கம் அவர் கேட்டால் மட்டும். தன் படைப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பிரிவு 57 உட்படப் பல நாடுகளில் தனியாகக் காக்கப்படும் தார்மிக உரிமை. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் அது ஆசிரியரை விட்டுப் போகாது. பதிலுக்குள் தனிப்பட்ட விவரம் ஏதாவது இருந்தால் அது தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வரும். அந்தக் கோரிக்கையைப் பதிப்புரிமை விதியைக் காட்டி மறுக்கக் கூடாது.

விலகியவரின் வரிகளை வேறொருவர் தன் பதிலில் மேற்கோள் காட்டியிருப்பார். அதையும் தேடி நீக்குவீர்களா இல்லையா என்பதை முன்பே எழுதிவையுங்கள். நான்கு வரி மேற்கோளை விட்டுவிடலாம். முழுக்கதையும் மேற்கோள் பெட்டிக்குள் இருந்தால் அதையும் நீக்க வேண்டும். மேற்கோள் பொத்தானை அழுத்தினால் மூலப் பதிவு முழுவதும் அப்படியே ஒட்டிக்கொள்ளும் மென்பொருள் என்றால், அதற்கு எழுத்து வரம்பு வைத்துவிடுவது நல்லது.

யார் வேண்டுமானாலும் சில நிபந்தனைகளோடு எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தை யாராவது பரிந்துரைப்பார்கள். கேள்வி–பதில், கையேடு போன்றவற்றுக்கு அது மிகப் பொருத்தம். விக்கிப்பீடியா உரை சிசி பை-எஸ்ஏ உரிமத்தில்தான் இருக்கிறது ('பை' என்றால் பெயரைச் சொல்ல வேண்டும், 'எஸ்ஏ' என்றால் மாற்றி வெளியிடுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும்). கதைகளுக்கும் படங்களுக்கும் அதைக் கட்டாயமாக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. தளத்திலிருந்து நீக்கலாம், ஆனால் அதற்குள் எடுத்துப் போனவருடைய உரிமம் தொடரும். 'பை' என்று மட்டும் இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இதெல்லாம் தெரிந்து பதிபவர் குறைவு. அதனால் "எல்லா உரிமையும் எனக்கே" என்பது இயல்புத் தேர்வாக இருக்கட்டும். விரும்புகிறவர் பதிவுதோறும் மாற்றிக்கொள்ளட்டும்.

அப்படித் தேர்வு கொடுத்தால், தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவோடும் எந்த உரிமம், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்று சேமியுங்கள். ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி–பதில் தளத்தில் 2011 ஏப்ரல் 8-க்கு முந்தைய பதிவுகள் பை-எஸ்ஏ 2.5, அதிலிருந்து 2018 மே 2 வரை 3.0, அதற்குப் பிறகு 4.0. 2019-இல் எல்லாவற்றையும் 4.0 என்று அறிவித்தபோது, எழுதியவர்கள் கொடுக்காத உரிமத்தைத் தளம் எப்படி மாற்றலாம் என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிறகுதான் தேதிவாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். பதிவோடு உரிமத்தைச் சேமிக்காத தளத்தால் அப்படிப் பிரிக்கவே முடியாது.

நடுவர்_மன்றம் எழுதியது:

புகார் வழிமுறைக்கு வருகிறேன். "தளம் பொறுப்பல்ல" என்ற உங்கள் மூன்றாவது வரி உறுப்பினரோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். படத்தின் உரிமையாளர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர்; அவரை அது கட்டுப்படுத்தாது. உங்களைக் காப்பது சட்டம் தரும் விலக்கு. அது சில கடமைகளைச் செய்தால்தான் கிடைக்கும்.

சர்வர் அமெரிக்காவில் என்பதால் இணையத்தில் பதிப்புரிமை மீறலைக் கையாளும் 1998-இன் டி.எம்.சி.ஏ. சட்டம், பிரிவு 512 பொருந்தும். முதல் வேலை, புகார் பெறும் முகவரை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இணையப் பட்டியலில் பதிவு செய்வது. கட்டணம் 6 டாலர். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதே விவரம் தளத்திலும் எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பதிவு காலாவதியாகி, அந்த இடைவெளியில் நடந்தவற்றுக்கு விலக்கு கேட்க முடியாமல் போகும். நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்தது, திரும்பத் திரும்ப மீறுபவரின் கணக்கை முடக்கும் கொள்கை. அது எழுத்தில் இருந்தால் போதாது, உண்மையிலேயே செயல்படுத்தியிருக்க வேண்டும். மூன்று முறை என்ற எண்ணிக்கை சட்டத்தில் இல்லை. பல தளங்கள் வைத்துக்கொண்ட பழக்கம்.

புகாரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று படிவமாகவே கொடுங்கள்: எந்தப் படைப்பு, தளத்தில் எந்த முகவரியில் இருக்கிறது, புகார்தாரரின் தொடர்பு விவரம், அனுமதியற்ற பயன்பாடு என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக வாசகம், விவரங்கள் சரி என்ற வாசகம், உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்று பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுச் சொல்லும் உறுதி, கையொப்பம். மின்கையொப்பம் போதும். "உங்கள் தளத்தில் என் படங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எடுங்கள்" என்று இடம் சொல்லாமல் வரும் மின்னஞ்சல் முழுமையான புகார் அல்ல. ஆனால் குப்பையில் போடாதீர்கள். படைப்பும் இடமும் தொடர்பு விவரமும் ஓரளவு தெரிந்தால், விடுபட்டதைக் கேட்டுப் பதில் எழுதுவது உங்கள் கடமை.

புகார் முழுமையாக இருந்தால் பதிவை மறையுங்கள். நிரந்தரமாக அழிக்காதீர்கள். பெரும்பாலான தளங்கள் சறுக்குவது இங்கேதான். உறுப்பினர் எதிர் அறிவிப்பு (புகார் தவறு என்று மறுக்கும் கடிதம்) கொடுத்தால், அதைப் புகார்தாரருக்கு அனுப்ப வேண்டும். அவர் வழக்குத் தொடர்ந்ததாகத் தெரிவிக்காவிட்டால், எதிர் அறிவிப்பு வந்ததிலிருந்து 10 வேலை நாளுக்குக் குறையாமல், 14 வேலை நாளுக்கு மேற்படாமல் பதிவைத் திரும்ப வைக்க வேண்டும். அழித்துவிட்டால் எதைத் திரும்ப வைப்பது? மறைத்த உடனே உறுப்பினருக்குத் தகவல் போக வேண்டும். யார், எந்தப் படைப்புக்காகப் புகார் கொடுத்தார், எதிர் அறிவிப்பு எப்படிக் கொடுப்பது என்று. எதிர் அறிவிப்பில் உறுப்பினரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீதிமன்ற எல்லையை ஏற்கும் வாசகம் எல்லாம் இருக்கும். அது அப்படியே புகார்தாரர் கைக்குப் போகும் என்பதை முன்பே எச்சரியுங்கள். புனைபெயரில் எழுதுபவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இந்தியாவிலிருந்து வரும் புகாருக்குக் கணக்கு வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(சி), 2013 பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதி: எழுத்துமூலப் புகார் சரியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். புகார்தாரர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவர வேண்டும். வராவிட்டால் பதிவைத் திரும்பத் திறக்கலாம். வழக்குத் தொடுப்பேன் என்ற உறுதிமொழி புகாரிலேயே இருக்க வேண்டும். குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிடுவது தனிக் கடமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-இன் பதிப்புரிமை ஆணை, 17-ஆம் உறுப்பு, இன்னும் கடுமையானது. ஆனால் அது பெருமளவு உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தி, முன்னிறுத்தி லாபம் பார்க்கும் தளங்களைக் குறிவைத்தது. லாபநோக்கற்ற கலைக்களஞ்சியம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

இரண்டு கணக்கையும் ஒரே வழிமுறைக்குள் அடக்கலாம். 36 மணி நேரத்துக்குள் மறைப்பது என்று வைத்துக்கொண்டால் அமெரிக்கச் சட்டம் கேட்கும் "தாமதமின்றி" என்பதும் பெரும்பாலும் நிறைவேறும். திரும்ப வைப்பதற்கான நாள் கணக்கை மட்டும் புகார் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பார்த்துத் தொடருங்கள். புகார் வந்த நேரம், மறைத்த நேரம், யாருக்கு என்ன அனுப்பினீர்கள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் வையுங்கள். தனிமடலில் மட்டுறுத்துனரிடம் (பதிவுகளைக் கண்காணிப்பவரிடம்) வரும் புகாரைத் தனிமடலிலேயே தீர்த்துவைக்கக் கூடாது, படிவத்துக்கு அனுப்புங்கள். பாதித் தகராறுகள் இப்படிப் பதிவே இல்லாத புகார்களில்தான் முளைக்கின்றன.

பொய்ப் புகாரும் வரும். தன் நூலைக் கடுமையாக விமர்சித்த பதிவை நீக்கப் பதிப்புரிமையைக் கருவியாக்குவார்கள். தெரிந்தே பொய்யாகப் புகார் கொடுப்பவர் இழப்பீடு தர வேண்டிவரும் என்று பிரிவு 512(எஃப்) சொல்கிறது. புகார் கொடுக்கும் முன் நியாயப் பயன்பாடா (விமர்சனம் போன்றவற்றுக்கு அனுமதியின்றியே எடுத்தாளச் சட்டம் இடம் தருவதா) என்று எண்ணிப்பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் லென்ஸ் என்ற பெண் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. படிவத்தின் மேலேயே இதை எழுதிவைத்தால் பலர் யோசிப்பார்கள்.

மரப்பாச்சி எழுதியது:

மேற்கோள் அளவு பற்றி. "10 சதவீதம் வரை சரி", "30 விநாடி வரை சரி" என்று பொதுவான விதி எதுவும் கிடையாது. எவ்வளவு, எதற்காக, மூலத்தின் சந்தைக்கு என்ன கேடு என்று பார்ப்பார்கள். நாவல் விமர்சனத்தில் ஒரு பத்தியை எடுத்து அதைப் பற்றிப் பேசினால் கவலையில்லை. எட்டு வரிக் கவிதையின் எட்டு வரியையும் போட்டு, கீழே "அருமை!" என்று எழுதினால் அது விமர்சனம் ஆகாது; முழுப் படைப்பையும் நகலெடுத்ததாகவே ஆகும். பாடல் வரிகளில் அதிகம் நடப்பது இதுதான். மட்டுறுத்துனருக்கு எளிய அளவுகோல்: மேற்கோளை எடுத்துவிட்டால் எழுதியவருடையதென்று மிஞ்சுவது என்ன? ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள்.

சமையல் குறிப்பில் பொருள்களின் பட்டியலும் அளவும் செய்முறை என்ற கருத்தும் யாருக்கும் சொந்தமில்லை. அதை விவரித்த வாக்கியங்களும் படமும் சொந்தம். அதே உணவைத் தன் சொற்களில் எழுதி, தான் எடுத்த படத்தோடு போட்டால் தாராளமாக ஏற்கலாம்.

மொழிபெயர்ப்பைப் பலர் தன் சொந்தப் படைப்பு என்றே நினைத்துப் பதிகிறார்கள். மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது. அனுமதி இல்லாமல் செய்தது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பதிய முடியாது. ஸ்கிரீன்ஷாட், செய்தித்தாள் பக்கத்தின் படம், ஃபார்வர்டாக வந்த கதை எல்லாவற்றுக்கும் இதே நிலை. "நன்றி: இணையம்" என்பது அனுமதியும் அல்ல, பெயர் குறிப்பிடுதலும் அல்ல, எடுத்தவருக்கே மூலம் தெரியாது என்பதற்கான ஒப்புதல் அது. அத்தகைய படங்களை நீக்கி, சுட்டி மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தன்னையே எடுத்த படம் என்றாலும் உரிமை பொதுவாகக் கேமராவைப் பிடித்தவருக்கு. ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த படத்துக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். இந்தியாவில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

பழைய நூல்களைப் பதிவதில் கவனம். ஆசிரியர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு. அமெரிக்காவில் 1978-க்கு முன் வெளியான பலவற்றுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று தனிக்கணக்கு. ஓரிடத்தில் பொதுவுடைமையானது இன்னோரிடத்தில் ஆகாமல் இருக்கலாம்; உங்கள் சர்வர் இருக்கும் இடமும் கணக்கில் வரும். மூலம் பொதுவுடைமை ஆனாலும், அதன் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரை, உரை, அடிக்குறிப்பு ஆகியவை எழுதியவருக்குச் சொந்தமாகவே இருக்கும்.

வலைத்தச்சன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரண்டு மட்டும் மீதம். ஏற்கெனவே "தளத்துக்கே சொந்தம்" என்ற விதியின் கீழ் பதியப்பட்டவற்றுக்குப் புதிய விதி பொருந்துமா? மட்டுறுத்துனர்கள் பதிவுகளைத் திருத்துவது எந்த அளவுக்குச் சரி?

ஏடும்_எழுத்தும் எழுதியது:

பழைய பதிவுகளுக்கு இரண்டு வேலை. "முந்தைய விதியின் கீழ் தளம் கோரிய உரிமை எல்லாவற்றையும் கைவிடுகிறோம், அவை பதிந்தவருக்கே உரியவை" என்று தேதியிட்டு அறிவியுங்கள். உரிமையைத் திருப்பிக் கொடுப்பதற்கு உறுப்பினரின் சம்மதம் தேவையில்லை என்பதால் இது சிக்கலில்லாதது. புதிய உரிமத்துக்கு மட்டும் சம்மதம் வேண்டும். அடுத்த முறை உள்நுழையும்போது மாற்றத்தைச் சுருக்கமாகக் காட்டி, முன்கூட்டியே டிக் செய்யாத பெட்டி ஒன்று வையுங்கள். யார், எந்தத் தேதியில், விதியின் எந்தப் பதிப்பை ஏற்றார் என்று சேமித்து, பழைய பதிப்புகளையும் பொதுவில் வைத்திருங்கள். "தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றதாகும்" என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். உள்நுழையாமலே போனவர்களின் பதிவுகளை இருந்த இடத்தில் காட்டுவதோடு நிறுத்துங்கள். தொகுப்பாக்குவது, செயலிக்கு மாற்றுவது, ஏ.ஐ. பயிற்சிக்குத் தருவது எதுவும் வேண்டாம்.

திருத்தத்தைப் பொறுத்தவரை, எழுத்துப்பிழை, தவறான பகுதியில் போட்டதை இடம் மாற்றுவது, உடைந்த சுட்டி, விதி மீறிய வரியை மறைப்பது ஆகியவை போதும். ஒவ்வொன்றுக்கும் 'திருத்தியவர், காரணம்' என்ற குறிப்பு தெரியட்டும். கதையின் முடிவை, தலைப்பை, வட்டார வழக்கை மாற்றாதீர்கள். படத்தின் மூலையில் இருக்கும் எடுத்தவரின் பெயரை வெட்டாதீர்கள். படத்தைச் சிறிதாக்கும் நிரல் கோப்புக்குள் இருக்கும் உரிமையாளர் தகவலையும் சேர்த்து அழித்துவிடுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். பல நிரல்களில் இயல்பு அமைப்பே அதுதான். எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கி, பெயரையும் உரிமைக் குறிப்பையும் விட்டுவைக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.